மாமியார் டிரையரும் டெஸ்டர் அக்காவும்

மற்ற பெண்கள் கொண்டை ஊசி செருகுகிற இடத்தில் அவள் டெஸ்டரைச் செருகிக்கொள்வாள். சிவப்புக் கைப்பிடி, உள்ளே கடுகளவு பல்பு, முனை தேய்ந்த பழைய டெஸ்டர். தூங்கும்போதுகூட அதை எடுக்க மாட்டாள் என்றும், ஒருநாள் தலையணையில் மின்கசிவு இருப்பதாக அது விடிய விடிய எரிந்துகொண்டிருந்தது என்றும் சலவை ஆலையில் பேச்சு உண்டு. தலையணை விஷயம் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. தூங்கும்போது எடுக்க மாட்டாள் என்பது மட்டும் சத்தியம். அவள் புருஷனே கன்னத்தில் இருந்த கீறலைக் காட்டிச் சொன்னது.

அந்தப் புருஷன் பஸ் ஓட்டுநர். நாலு லாரிக்கு நடுவே பூனை நுழையத் தயங்குகிற இடத்தில் பஸ்ஸை நுழைத்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வெளியே எடுத்துவிடுகிற தைரியசாலி. வீட்டிலோ இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட அவருக்குக் காலில் ரப்பர் செருப்பு வேண்டும், பக்கத்தில் பெண்டாட்டி வேண்டும். "நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா. சும்மா நில்லு, போதும்" என்பார். பதினெட்டு வருஷமாக அவளும் சும்மா நின்றுகொண்டிருக்கிறாள்.

தொழிற்பள்ளியில் மின்பணிப் பிரிவில் சேர்ந்த நாற்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் ஆசிரியர் கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "தையல் வகுப்பு அடுத்த கட்டடம்மா" என்றாராம். "தெரியும் சார். அங்க ரெண்டு மெஷின் ஓடாம நின்னுச்சு, சரி பண்ணிக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள லேட்டாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் மணி அடிக்காவிட்டாலும் ஃபேன் சுற்றாவிட்டாலும் ஆசிரியரே அவளைத்தான் தேடுவார். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. சலவை ஆலையின் ஒரே எலக்ட்ரீஷியன். பாய்லர் ஆள் முதல் வண்டி ஓட்டுகிறவர் வரை, அவளைவிட மூத்தவர்களும் சேர்த்து, எல்லாருக்கும் அவள் டெஸ்டர் அக்கா.

ஆலை என்றால் பெரிய ஆலை. ஆஸ்பத்திரி விரிப்புகள், விடுதித் துண்டுகள் எல்லாம் மூட்டை மூட்டையாக உள்ளே வரும். வெளுத்து, காய்ந்து, மடிந்து வெளியே போகும். துணி காய வைக்க மூன்று டிரையர்கள். முதலாவது குட்டி, அதற்குச் செல்லம் என்று பெயர். இரண்டாவதற்குப் பெயரே இல்லை, நடுவில் பிறந்தவர்கள் கதைதான் அதற்கும். மூன்றாவது, அறுபது கிலோ ஈரத்துணியை ஒரே வாயில் விழுங்குகிற ராட்சச டிரையர். சூடேறினால் இறங்காது, உறுமினால் நிற்காது. அதற்குப் பெயர் மாமியார்.

மாமியாருக்குத் துணி ஊட்டுகிற வேலை அக்காவின் சொந்தத் தங்கைக்கு. பத்து வயது இளையவள். பள்ளிக்கூடம் போகிற மகளுடன் அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். தங்கைக்கு வாய் வேகம், கை அதைவிட வேகம். நாள் முழுக்க ஈரக் கையோடு, ஈரத் தரையில், மாமியாரின் இரும்பு வாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையல்ல. குடையை மடக்கி உதறினால் இரண்டு மீன் விழுந்தது என்று சாதித்தவர்கள் உண்டு. மழை தொடங்கிய மூன்றாம் நாள் மாமியார் கோபித்துக்கொண்டாள். சுற்றிக்கொண்டே இருந்தவள் 'டக்' என்று நின்றாள். பேனலில் கசிவு பிரேக்கர் கீழே விழுந்து கிடந்தது.

கசிவு பிரேக்கர் என்பது வாசலில் நிற்கிற காவலாளி மாதிரி. உள்ளே போன மின்சாரம் எவ்வளவு, திரும்பி வந்த மின்சாரம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே நிற்கும். துளி குறைந்தாலும், நடுவில் அது எந்த இரும்பு வழியாகவோ, யார் உடம்பு வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். கண் இமைப்பதற்குள் கதவைச் சாத்திவிடும். நல்ல காவலாளி காரணமில்லாமல் கதவைச் சாத்த மாட்டான். அந்தக் காரணம்தான் அக்காவுக்குப் பிடிபடவில்லை.

அவள் செய்யாததில்லை. பிரேக்கரே கெட்டதோ என்று புதிதாக மாற்றினாள், புதிதும் விழுந்தது. மோட்டாரைத் தனியாக, ஹீட்டரைத் தனியாக, காற்றாடியைத் தனியாகக் கழற்றி, கசிவு பார்க்கிற மெக்கர் கருவியை வைத்து அளந்தாள், மூன்றும் உத்தமர்கள். திரும்ப மாட்டினால் ஒரு நாள் ஒழுங்காக ஓடும். மறுநாள் 'டக்'. காலையில் பத்தேகால் சுமாருக்கு, அல்லது மதியம் மூன்றேகால் சுமாருக்கு. அவள் ஓடிவந்து பேனலைச் சோதித்துவிட்டு, பின்பக்கம் போய்த் திறந்து பார்த்தால் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து, ஒன்றும் அறியாத முகத்தோடு இருக்கும். மூன்று தடவை "சரியாயிடுச்சு சார்" என்று மேனேஜரிடம் சொன்னாள். மூன்று தடவையும் மாமியார் அவள் மானத்தை வாங்கினாள்.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பதினோராவது 'டக்'. மேனேஜரே பேனலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. எல்லாருக்கும் முதலில் வணக்கம் சொல்கிறவர். விதி என்று வந்தால் மட்டும் மனிதர் இரும்பு. 'தொழிலாளர் தம் சொந்தத் துணியை இங்கே துவைத்தாலோ காயவைத்தாலோ வேலை நீக்கம்' என்று தம் கையாலேயே பலகை எழுதி மாட்டியிருந்தார்.

"என்னம்மா, மூணு வாரமா மாமியாரோட மல்லுக்கட்டுற. இன்னும் சமாதானம் ஆகலையா?"

"வீட்டு மாமியாரோட பத்து வருஷம் இருந்திருக்கேன் சார். எதுக்குக் கோவம்னு அவங்க அன்னிக்கே ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிடுவாங்க. இவ வாயைத் திறக்க மாட்டேங்கறாளே."

"ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டு போன் வந்துடுச்சு. ஆபரேஷன் வார்டுக்கு விரிப்பு பத்தலையாம். நாலு மணிக்கு வெளியாள் ஒருத்தர் வர்றார். அந்த பிரேக்கரைத் தூக்கிட்டு கரண்ட்டை டைரக்டா குடுத்துடறேன்னு சொல்லிட்டார். பத்து நிமிஷ வேலையாம்."

அக்கா பேனலை மறித்துக்கொண்டு நின்றாள். "குடுக்கறது பத்து நிமிஷம்தான் சார். ஆள் போறதுக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. கசிவு எங்கேன்னு தெரியாம காவலை எடுத்துட்டா, அந்த ஈரத்துல நிக்கறவங்க கதி?"

மேனேஜர் தங்கை நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார். "அப்ப நாலு மணிக்குள்ள கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டா அவரை வாசலோட திருப்பி அனுப்பறது என் பொறுப்பு."

அவர் போனதும் அக்கா மாமியாரின் பின்பக்கத்துக்குப் போனாள். டிரையருக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து, அனல் வீசும், யாரும் வேலையில்லாமல் வர மாட்டார்கள். இடுப்புக்கு மேல் உயரத்தில் நீளமாக ஓர் இரும்புக் குழாய். அதற்கு நேர் கீழே ஹீட்டரின் இணைப்புப் பெட்டி. மூடியைக் கழற்றினாள். வழக்கம்போல் எல்லாம் காய்ந்திருந்தது. ஆனால் இன்று ஜன்னல் வழியாக வெளிச்சம் சாய்ந்து விழுந்ததில், பெட்டியின் உள்சுவரில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. மேலிருந்து கீழாக, கண்ணீர் காய்ந்த தடம்போல. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள்.

எலுமிச்சை.

ஆலையின் சலவைத் தூளுக்கு வாசனையே கிடையாது. ஆஸ்பத்திரித் துணிக்கு வாசனை ஆகாது. இந்த எலுமிச்சை வாசனை அவள் வீட்டுக் குளியலறை வாசனை. காலையில் அந்த சோப்பில்தான் தங்கை தன் மகளின் காலுறைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டிய மூளை, வாசனை பிடித்துக்கொண்டு நேராகத் தங்கையிடம் ஓடிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அவளை மூலைக்கு இழுத்தாள்.

"ஏய், உண்மையைச் சொல்லு. பின்சந்துல எதையாவது காயப்போடறியா?"

"நானா? போர்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. அதான் கேக்கறேன்."

"பாப்பாவோட சாக்ஸ் நாலு நாளா காயாம நாறுதுன்னு நீதானே மூக்கைப் பொத்திக்கிட்ட?"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. பேச்சுக்குச் சொன்னேன்." தங்கை சாப்பாட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டு பேசினாள். சின்ன வயதிலிருந்து பொய் சொல்லும்போதெல்லாம் அவள் சாப்பாட்டைத்தான் பார்ப்பாள். அதனால்தான் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள் என்பது அக்காவின் கட்சி.

அக்காவுக்குப் பசி போய்விட்டது. மேனேஜரிடம் சொன்னால் தங்கைக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் நாலு மணிக்கு டைரக்ட் கொடுப்பார்கள். ஈரக் கையோடு அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவதும் அதே தங்கைதான். இந்த முறை கண்ணால் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

காலையில் பத்து மணிக்குப் போலவே மூன்று மணிக்கும் டீ இடைவேளை. மாமியார் ஓய்வில் இருந்தாள். அக்கா ஆலைக்கே கேட்கும்படி, "நான் மெயின் ரூமுக்குப் போறேன்! வர அரை மணி ஆகும்!" என்று கத்திவிட்டுப் போனாள். போனவள் சரக்குக் கிட்டங்கி வழியாகச் சுற்றிவந்து, பின்சந்தின் முனையில் நின்ற விரிப்புத் தள்ளுவண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, ஒரு வெள்ளை விரிப்பைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயதில், மூட்டு வலியோடு. ஒரு கண்ணுக்கு மட்டும் இடம் விட்டுக்கொண்டாள்.

முதலில் தங்கை வந்தாள். மடியிலிருந்து நாலு குட்டிக் காலுறைகளை எடுத்துக் குழாயின் அந்தக் கோடியில் வரிசையாகப் போட்டாள். அக்கா பல்லைக் கடித்தாள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்னாலேயே பாய்லர் அண்ணன் ஒரு துண்டோடு வந்தார். அது துண்டில்லை, பாய்மரம். அதற்குப் பின்னால், வாசலில் துணி எண்ணுகிற அம்மாள், ஒரு தலைக்குட்டையும் இரண்டு கையுறைகளும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போடுங்க. உங்க துண்டு குழாய் முழுக்கப் படுத்திருக்கு."

"நடுவுல இடம் இருக்கே, அங்க போடேன்."

"அது அந்தக் கருப்பு சாக்ஸுக்காரரோட இடம். தினமும் நல்ல சூடான இடமாப் பாத்துப் பிடிச்சிடறார். யாருண்ணே அது?"

"அது உன்னுதுன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

"என் கால் அவ்வளவு பெரிசாவா இருக்கு?" என்று அம்மாள் சண்டைக்கு வர, தங்கை இருவரையும் சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனாள். சந்து காலியானது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. சந்தின் நடுவில் மேனேஜர் அறையின் பின்கதவு ஒன்று உண்டு. அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. அது ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. வெள்ளைச் சட்டைக் கை, இஸ்திரி மடிப்புக் கலையாதது. மணிக்கட்டில் தங்க நிறக் கடிகாரம். விரல்களில் ஒரு ஜோடி கருப்புக் காலுறை. அந்தக் கை அவற்றைக் குழாயின் நடுவில், இணைப்புப் பெட்டிக்கு நேர் மேலே தொங்கவிட்டு, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. அனலில் மெல்ல மிதந்து வந்தது வாசனை. எலுமிச்சை.

ஆலைத் தெருமுனைக் கடையில் கிடைப்பதே அந்த ஒரு சோப்புத்தான், எல்லாரும் வாங்குவதும் அங்கேதான் என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. சிரிப்பை அடக்க அவள் விரிப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி விரிப்பு, மறுபடி துவைக்க வேண்டும்.

மணி அடித்தது. மாமியார் உறும ஆரம்பித்தாள். கருப்புக் காலுறையின் கட்டைவிரல் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. பெட்டியின் தலையில் விழுந்த சொட்டு தெறிக்க வேண்டும் அல்லவா? தெறிக்கவில்லை. காணாமல் போயிற்று. அடுத்த சொட்டும் காணாமல் போயிற்று.

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. பெட்டியின் தலையில் பஞ்சுத் தூசுக்கு அடியில் ஓட்டை இருக்கிறது. கட்டைவிரல் பருமனில் ஓர் ஓட்டை. இரண்டு மாதத்துக்கு முன் அந்த வழியாகப் போன பழைய ஒயர் ஒன்றை உருவி எடுத்தவள் அவள்தான். மூடி போட ரப்பர் எடுக்கப் போனவளை வழியில் யாரோ கூப்பிட்டார்கள். போனவள் போனவளேதான்.

'டக்.'

மாமியார் நின்றாள். அடுத்த நொடி சந்தில் பிரளயம். எலக்ட்ரீஷியன் பின்பக்கம் வருவதற்குள் துணியை அள்ள வேண்டுமே! தங்கை ஒரு பக்கத்திலிருந்து, பாய்லர் அண்ணன் இன்னொரு பக்கத்திலிருந்து, அவர் முதுகுக்குப் பின்னால் எண்ணுகிற அம்மாள். நடுக்கதவு இந்த முறை முழுசாகத் திறந்து, வெறுங்காலோடு மேனேஜர் உள்ளே பாய்ந்தார். பாய்ந்தவர் பாய்லர் அண்ணனின் வயிற்றில் மோதி நின்றார். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பிளந்த அதே கணத்தில், பக்கத்திலிருந்த தள்ளுவண்டியிலிருந்து வெள்ளையாக ஓர் உருவம் எழுந்து நின்றது.

பாய்லர் அண்ணன் போட்ட அலறலைச் சங்கு என்று நினைத்துப் பக்கத்து ஆலைக்காரர்கள் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்பது ஊர் நம்புகிற செய்தி.

"யாரும் எதையும் தொடாதீங்க! துணியைத் தொடாதீங்க! அப்படியே நில்லுங்க!" விரிப்புக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

நின்றார்கள். அவள் இறங்கிப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். மீட்டர் வைத்து, கரண்ட் இல்லை என்று உறுதி செய்தாள். மூடியைக் கழற்றினாள். உள்ளே ஹீட்டரின் இணைப்பு முனைகள் நனைந்து பளபளத்தன. மெக்கரை வைத்தாள். மூன்று வாரமாக உச்சியிலேயே நின்ற முள், விழுந்தடித்துக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்தது.

"பாத்தீங்களா? சொட்டினது உள்ள போகுது. பிரேக்கர் விழுது. நான் ஓடி வர்றதுக்குள்ள நீங்க துணியை அள்ளிட்டுப் போயிடறீங்க, இந்தச் சூட்டுல உள்ள இருக்கற ஈரம் கால் மணியில காஞ்சிடுது. நான் காஞ்ச பெட்டியைத் திறந்து வெச்சுக்கிட்டு மூணு வாரமா ஜோசியம் பாத்துக்கிட்டிருக்கேன்!"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "சார், வேலையை விட்டுத் தூக்கறதா இருந்தா என்னைத் தூக்குங்க. இந்த அண்ணன் பாவம், ஒண்ணும் தெரியாதவர்."

"எனக்கா ஒண்ணும் தெரியாது?" என்றார் அண்ணன் ரோஷமாக.

"நீங்க சும்மா இருங்கண்ணே, உங்களைக் காப்பாத்திக்கிட்டிருக்கேன்."

"அது சரி, நடுவுல தொங்குற கருப்பு சாக்ஸ் யாருது?" என்று எண்ணுகிற அம்மாள் கேட்டாள். "சொட்டறது அதுல இருந்துதானே? எங்க துணியெல்லாம் அந்தக் கோடியில இல்ல இருக்கு!"

ஒவ்வொருவர் பார்வையும் காலுறையிலிருந்து மெதுவாக இறங்கி, மேனேஜரின் வெறுங்காலில் போய் நின்றது. அவர் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். இரண்டையும் ஒளிக்க முடியாதே.

"என்னுதுதான்," என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில். "பஸ் ஸ்டாப்ல இருந்து சேத்துல நடந்து வர்றேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு வரும்போது மறுபடியும் சேறு. ரூம் குழாய்லயே அலசி... ஒரு பத்து நிமிஷம்தானேன்னு..."

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் அப்படியே தவிக்க விட்டிருக்கலாம். விட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஓட்டை உறுத்தியது.

"சார், சொட்டவிட்டது நீங்க. சொட்டு உள்ள போக வழிவிட்டது நான். ரெண்டு மாசம் முன்னாடி ஒயரை எடுத்துட்டு ஓட்டையை அடைக்காமப் போயிட்டேன். அது மட்டும் மூடியிருந்தா உங்க சாக்ஸ் இல்ல, ஒரு வாளித் தண்ணி கொட்டியிருந்தாலும் மாமியார் அசைஞ்சிருக்க மாட்டா. வேலையை விட்டு எடுக்கறதுன்னா வரிசையில முதல்ல நான், எனக்கு அடுத்து நீங்க, அப்புறம்தான் இவங்க."

மேனேஜர் அந்த வரிசையைக் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். முதலில் அவர் உதடு துடித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. கடைசியில் மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பைக் கேட்டறியாத ஆலை அது. அது எதுவரை போகுமோ தெரியாமல் எல்லாரும் ஒரு நொடி தயங்கிவிட்டு, பிறகு சேர்ந்துகொண்டார்கள். தங்கை அழுகையை முடிக்காமலேயே சிரித்தாள்.

"சரி, சரி. யாரையும் எடுக்கல. ஆனா இனிமே இந்தச் சந்துல ஒரு கைக்குட்டைகூடத் தொங்கக் கூடாது" என்றார் கண்ணைத் துடைத்தபடி.

"அப்ப பாப்பா சாக்ஸ்?" என்றாள் தங்கை. வேலை தப்பியதும் வாய் திரும்பிவிட்டது. "தினமும் ஊர்த் துணியெல்லாம் காயவைக்கறோம். எங்க துணி காய ஒரு முழம் கயிறு கிடையாதா சார்?"

மேனேஜர் தம் காலைப் பார்த்தார். "பாய்லர் ரூம் தாழ்வாரத்துல கட்டிக்குங்க. ரெண்டு கயிறு."

அக்கா முனைகளைத் துடைத்து, சூடான காற்றை ஊதிக் காயவைத்தாள். ஓட்டைக்கு ரப்பரும் உலோக மூடியும் போட்டு இறுக்கினாள். மெக்கர் முள் மறுபடி உச்சிக்கு ஏறியது. மின்சாரம் கொடுத்ததும் பிரேக்கரின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினாள். 'டக்' என்று விழுந்தது. "காவலாளி முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கான்" என்று தூக்கிவிட்டாள். மாமியார் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். பெட்டியின் தலையில் அக்கா ஒரு குவளைத் தண்ணீரை வேண்டுமென்றே ஊற்றினாள். தங்கை காதைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து தரையில் ஓடிற்று. மாமியார் கண்டுகொள்ளவே இல்லை.

நாலு மணி அடிக்க வெளியாள் வந்து சேர்ந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை தொப்பல். கையில் கட்டிங் பிளேயர், தோளில் ஒரு சுருள் ஒயர். வெறுங்காலோடு வாசலுக்குப் போன மேனேஜர், "வேலை முடிஞ்சுதுப்பா. இனிமே தேவையில்ல" என்றார்.

"டெஸ்டர் அக்கா பாத்தாங்களா? அப்பச் சரிதான்." ஆள் கோபித்துக்கொள்ளவில்லை. மேனேஜரின் கால்களை ஒருமுறை வியப்போடு பார்த்துவிட்டு, சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே தயங்கினார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. திரும்பவும் இதே மழையில போகணும். இந்தச் சட்டையைக் கொஞ்ச நேரம் காயப்போட இங்க எங்கயாவது சூடான இடம் இருக்குமா?"

ஆலை வெடித்தது. எண்ணுகிற அம்மாள் எண்ணிக்கையை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியாமல் விழித்தவரைப் பாய்லர் அண்ணன் தோளில் கை போட்டுத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கட்டி அரை மணிகூட ஆகாத கயிற்றில், பாய்மரத் துண்டுக்கும் கருப்புக் காலுறைக்கும் நடுவே இன்னும் ஒரு சட்டைக்கு இடம் இருந்தது.

உள்ளே சூடான விரிப்புகளைத் தங்கை மாமியாரின் வாயிலிருந்து அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா தாழ்வாரத்தின் பக்கம் எட்டிப் பார்த்துக் கத்தினாள்:

"யோவ், நல்லாப் பிழிஞ்சுட்டுப் போடுய்யா!"